பன்னிரண்டடிக் குளம்

திருமலைராயன்பட்டினம்
27-3-1980

அன்புள்ள அனெத் அக்காவுக்கு முகைதீன் பிச்சை எழுதுவது.

உங்கள் தோப்புக் குளத்துத் தண்ணீர் உப்பாகிவிட்டது. லேசாகக் கரிக்கிறது என்று சொல்லலாம் என்றால் அதுவும் முடியாது. கடல் உப்பு. சுற்றி வளைத்து எழுதினாலும் அதே உப்புதான், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்தேழு புயலில் குளம் மணல் மூடிப்போனதும், மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்ற சர்க்கார் பணம் கொடுக்கிறது என்று தெரிந்து நான் ஊர் கமிட்டி பேரில் எழுதிப் போட்டதும், நீங்கள் அங்கே பிரான்ஸில் தூலோனிலிருந்து சம்மதக் கையெழுத்து அனுப்பியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. பிப்ரவரியில் பணம் வந்தது. நிரவி கான்ட்ராக்டர் வைத்தியலிங்கம் வேலையை எடுத்தார். திட்டப்படி பன்னிரண்டடி ஆழம். எஞ்சின் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார்கள். நல்ல கருங்களி. அதைத் தாண்டியதும் வெள்ளை மணல், நடுவே நடுவே கிளிஞ்சல். மண்வெட்டி சுலபமாக இறங்குகிறது என்று ஆட்களுக்கு ஒரே சந்தோஷம்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மணலிலிருந்து தண்ணீர் பொங்கி வந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், அக்கா. "ஊத்து கண்டுடுச்சு முதலாளி" என்று வைத்தியலிங்கம் கடைக்கு ஆள் அனுப்பிக் கற்கண்டு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். வீட்டுக்காரி முதலில் குடிக்கட்டும் என்று உங்கள் நாத்தனார் இவோனைக் கூப்பிட்டோம். அவர்கள் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்கள். துப்பவில்லை. வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். பிறகு விழுங்கிவிட்டு, "பிச்சை, இது என்ன தண்ணி?" என்றார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நான் சிரித்தேன். அப்புறம் நானும் குடித்தேன்.

எனக்கு அடுத்து வைத்தியலிங்கம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

புயலில் கடல் உள்ளே வந்தபோதும் உப்புதான். இரண்டு மழையில் கழுவிக்கொண்டு போய்விட்டது. அது மேலே வந்த உப்பு. இது கீழேயிருந்து வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
முகைதீன் பிச்சை

*

தூலோன்
10-4-1980

தம்பி முகைதீன் பிச்சைக்கு,

உன் கடிதத்தைத் தபால் பெட்டிக்கு முன்னால் நின்றபடியே பிரித்தேன். வேலைக்குப் போகிற வழியில் படிக்கலாம் என்று நினைத்தவள், அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக நான் லீவு கேட்டதில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். என் குளம் உப்பாகிவிட்டது என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்று சொன்னேன்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எங்கள் குளம் ஆறடி. என் மாமனார் காலத்திலும் ஆறடி, மொரீஸ் காலத்திலும் ஆறடி. கோடையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், அது போதும் எங்களுக்கு. பன்னிரண்டு என்று யார் சொன்னது? நான் கையெழுத்துப் போட்ட தாளில் தூர் வாருதல் என்றுதான் இருந்தது. வீட்டைப் பெருக்கச் சொன்னால் தரையைப் பெயர்ப்பார்களா?

நான் ஜனவரியில் ரெத்ரேத் வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து நிற்கிறேன். மொரீஸின் பட்டாளத்துப் பென்ஷனும் என் பென்ஷனும் சேர்ந்தால் இங்கே வாடகைக்கும் குளிர்காலக் கரிக்கும் சரியாகப் போகும். அங்கே என்றால் நானும் இவோனும் மரியாதையாகச் சாப்பிடலாம். இந்த வீட்டுக்காரனிடம் டிசம்பரோடு காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று மா அளவுத் தென்னந்தோப்பைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. இது உனக்குத் தெரியும்.

கிணறு எப்படி இருக்கிறது? அதை நீ எழுதவில்லை. நீ எதையும் மறந்துவிட்டு எழுதுகிறவன் இல்லை.

அனெத்

*

திருமலைராயன்பட்டினம்
26-4-1980

அன்புள்ள அக்கா,

கிணறும் போய்விட்டது. குளத்திலிருந்து ஐம்பதடிதானே. மறைக்க வேண்டும் என்று விடவில்லை, ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதக் கை வரவில்லை. தென்னையில் குரும்பை உதிர்கிறது. காலையில் போனால் மரத்தடியெல்லாம் பாக்கு மாதிரி இறைந்து கிடக்கிறது. இவோன் அதைக் கூட்டி அள்ளிக் கூடையில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். திட்டினால்கூடத் தேவலை.

பன்னிரண்டு என்று யார் சொன்னது என்று கேட்டீர்கள். நான்தான் சொன்னேன்.

நான் சைக்கிளில் வெங்காய மூட்டை கட்டித் தெருத் தெருவாக விற்று மேலே வந்தவன். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அதுதான். ஆறு வேண்டும் என்றால் பன்னிரண்டு சொல்ல வேண்டும். எதிராளி நாலு என்பான். பத்து என்பேன், ஐந்து என்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்புவேன், கூப்பிடுவான், ஆறில் வந்து நிற்கும். சர்க்காரும் அப்படி ஒரு எதிராளி என்றுதான் நினைத்தேன். ஆறடி என்று எழுதினால் மூன்றடிக்குத்தான் பணம் தருவார்கள், அதில் வைத்தியலிங்கம் ஓரடியைத் தின்றுவிடுவார், நமக்கு இரண்டடி மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன்.

அவர்கள் பேரமே பேசவில்லை, அக்கா. கேட்டது கேட்டபடி வந்துவிட்டது. என் ஆயுளில் நான் சொன்ன முதல் விலைக்கு யாரும் சரி என்றதில்லை. உத்தரவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நேரே ஆபீசுக்குப் போய் ஜூனியர் இன்ஜினியர் நீலமேகத்தைப் பார்த்தேன்.

"சார், ஆறடி போதும்."

"பன்னெண்டுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது பேச்சுக்கு எழுதுனது சார்."

"பேச்சுக்கா?" என்று அந்த மனிதர் என்னையே பார்த்தார். பாவம், நல்ல பிள்ளை. "ஆறடின்னா திட்டத்தைத் திருத்தணும், புதுச்சேரி போய்த் திரும்பி வரணும். அதுக்குள்ள மார்ச் முப்பத்தொண்ணு போயிடும். போச்சுன்னா பணமும் போச்சு. அப்புறம் ஓரடிகூடக் கிடைக்காது. வெட்டுறீங்களா, விடுறீங்களா?"

வந்த பணத்தைத் திருப்பி அனுப்ப என் மனசு இடம் கொடுக்கவில்லை. வெட்டச் சொன்னேன். ஆழம் அதிகமானால் தண்ணீர் அதிகம்தானே என்று நினைத்தேன். நீலமேகமும் அப்படித்தான் நினைத்தார். களிக்கு அடியில் கடல் படுத்திருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை.

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். வைத்தியலிங்கம் எந்த வேலையிலும் மூன்றில் ஒரு பங்கை விழுங்குகிறவர். உங்கள் குளத்தில் ஓர் அங்குலம் விடவில்லை. "மதாம் பிரான்ஸிலேருந்து வந்து அளந்து பாத்தா மானம் போயிடும்" என்று நினைத்தாராம். எப்போதும் போலத் தின்றிருந்தால் குளம் பிழைத்திருக்கும்.

ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்ப நீலமேகத்திடம் போனேன். அவர் குடித்துப் பார்த்தார். பாட்டிலை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "நான் அளக்குறது நீளம், அகலம், ஆழம். ருசிக்கு எங்கிட்ட அளவு இல்லீங்க" என்றார்.

பிச்சை

*

தூலோன்
8-5-1980

பிச்சைக்கு,

படித்தேன். நீ விலை பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். என் தேங்காய்க்கு வருஷா வருஷம் நீ கிளம்பிப் போவதும் இவோன் உன்னைத் திருப்பிக் கூப்பிடுவதும் எங்கள் வீட்டில் ஒரு சிரிப்பு. இனி அந்தச் சிரிப்பு இல்லை.

இவோனை அந்த உப்புக்குள் விட்டுவைக்காதே. அவளுக்கு ஒரு இடம் பார்.

அனெத்

*

திருமலைராயன்பட்டினம்
5-6-1980

அன்புள்ள அக்கா,

இவோனைக் கோட்டுச்சேரியில் எங்கள் கொல்லையில் இருக்கிற ஓட்டு வீட்டில் குடிவைத்திருக்கிறேன். வாடகை என்று பேச்செடுக்க வேண்டாம். பக்கத்திலேயே பஸ், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் காரைக்கால் போய்வர வசதி. நல்ல கிணறு.

இப்போது எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

சென்ற வாரம் புதுச்சேரியிலிருந்து ஒரு காரில் பெரிய அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். திட்டத்தில் வெட்டிய குளங்களைப் பார்வையிட. இந்த வெயிலில் சுற்று வட்டாரத்துக் குளமெல்லாம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உங்கள் குளம் மட்டும் கரை தொட்டு நிற்கிறது. கடல் வற்றினால்தானே அது வற்றும். அவர்கள் கரையில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். "கோடையில்கூட வற்றாத குளம்" என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் ஒரு செம்பில் மொண்டு நீட்டினேன். "ஐயா, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"வேணாம்பா, கார்ல தண்ணி இருக்கு."

"குடிக்கிறதுக்கு இல்லீங்க. ருசி பாக்க."

"இவருக்கு என்ன வேணுமாம்?" என்று அந்தப் பெரியவர் நீலமேகத்தைக் கேட்டார். நீலமேகம் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறப்பதற்குள் காரில் ஏறிவிட்டார்கள்.

அதன் பலன் நேற்று வந்தது. உங்கள் குளத்தை மாதிரியாக வைத்து அடுத்த குளத்துக்கும் பணம் ஒதுக்கிவிட்டார்கள். அதே பன்னிரண்டடி. எந்தக் குளம் தெரியுமா? எங்கள் பள்ளிவாசல் குளம். தொழுகைக்கு முன் ஒளு செய்வது, சோறு வடிப்பது, குடிப்பது எல்லாம் அதில்தான். எங்கள் தெருவில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீடு ஒன்றுகூட இல்லை.

ஓடிப்போய் ஜமாஅத்தில் சொன்னேன். தலைவர் பீர் மைதீன் காக்கா என்ன சொன்னார் தெரியுமா? "தோப்புக்குச் சர்க்கார் பணம் வரயில இனிச்சுது, பள்ளிவாசலுக்கு வரயில கரிக்குதோ?"

"காக்கா, நான் பாட்டில்ல தண்ணி கொண்டாந்திருக்கேன்."

"எந்தக் கடையில உப்பு வாங்கினீங்க, பிச்சை?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தோப்பு கடலுக்குப் பக்கம், எங்கள் குளம் ஊருக்குள், அதனால் அங்கே வந்தது இங்கே வராதாம். அரை மைல் வித்தியாசம், அக்கா. பள்ளிவாசல் குளத்து மீன் குத்தகை என்னிடம் இருக்கிறது, அது பறிபோகும் என்று நான் தடுக்கிறேனாம். நான் வாழ்க்கையில் பொய் சொல்லி விற்றதையெல்லாம் இவர்கள் நம்பி வாங்கினார்கள். உண்மை சொன்ன அன்றைக்குச் சிரிக்கிறார்கள்.

நீலமேகத்திடம் வழி கேட்டேன். வேலை திருப்தி என்று கமிட்டி பேரில் நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவன், ஆழம் சரி என்றுதான் எழுதினேன், தண்ணீரைப் பற்றி இல்லை, ஆனாலும் இனி என் பேச்சு எடுபடாதாம். குளத்துச் சொந்தக்காரர் எழுதினால் மேலே அனுப்பியே தீர வேண்டுமாம். அதாவது நீங்கள். 'இந்தக் குளத்து நீர் மனிதருக்கோ மாட்டுக்கோ மரத்துக்கோ ஆகாது, வேலை தோற்றுவிட்டது' என்று கையெழுத்துப் போட்டு, கோன்சுலாவில், அதுதான் தூதர் ஆபீசில், முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். உடனே பள்ளிவாசல் வேலையை நிறுத்திவைப்பார்கள்.

இதில் ஒரு முள் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் கையெழுத்து வாங்குகிற ஆள் நான் இல்லை. வேலை தோற்றது என்று சொந்தக்காரரே எழுதினால், சம்மதப் பத்திரத்தின்படி சர்க்கார் கொடுத்த பணத்தை நிலத்தின் மேல் திருப்பிக் கேட்கும். கட்டாவிட்டால் தோப்பு ஜப்தி.

யோசித்து எழுதுங்கள். நோன்புப் பெருநாள் முடிந்ததும் எஞ்சின் இறக்குகிறார்கள்.

பிச்சை

*

தூலோன்
21-6-1980

பிச்சை,

இரண்டு நாள் உனக்கு எழுத முடியவில்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வயசு என்று நினைத்தேன், இல்லை, கோபம்.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். நீ பன்னிரண்டு என்று சொன்னாய். என் குளம் போனது, கிணறு போனது, மரம் போகிறது. இப்போது உன் குளத்தைக் காப்பாற்ற, என் தோப்பை ஜப்திக்குக் கொடு என்கிறாய். அதையும் செம்பில் மொண்டு நீட்டுவது மாதிரி நீட்டுகிறாய்.

நான் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? என் குளம் வற்றாத குளம் என்று சர்க்கார் கணக்கில் இருக்கும். யாரும் என்னிடம் ஒரு காசு கேட்கமாட்டார்கள். உப்போ சர்க்கரையோ, நிலம் என் பெயரில் இருக்கும். உன் தெரு உப்புக் குடிக்கும். அது என் பாவமா?

இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். குடித்த பிறகு மேலே எழுதுகிறேன்.

இவோன் எழுதியிருந்தாள். கோட்டுச்சேரிக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு முன்னைவிடச் சீக்கிரம் வேகிறதாம். அந்த வீட்டில் இரண்டு அறை, மழை ஒழுகவில்லை, பின்னால் மாமரம் என்றாள். உன் தெருவுக்கு என் கையெழுத்து வேண்டும் என்றால் அந்தக் கொல்லையை எனக்குக் கொடு. உப்புத் தோப்பை நீ எடுத்துக்கொள். ஜப்தியும் உன்னோடு வரட்டும்.

முடியாது என்றால் எழுது. நான் இந்த வீட்டுக்காரன் காலில் விழுந்து நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொண்டு இங்கேயே கிடக்கிறேன்.

அனெத்

*

திருமலைராயன்பட்டினம்
16-7-1980

அன்புள்ள அக்கா,

நோன்பு தொடங்கிவிட்டது. உங்கள் கடிதம் பகலில் வந்தது. படித்ததும் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது, குடிக்க வழி இல்லை.

கோட்டுச்சேரிக் கொல்லை என் பெயரில் இல்லை. என் மனைவி ஆரிபா பெயரில் இருக்கிறது. அவள் நகையை விற்று வாங்கியது. அதைத் தவிர எதைக் கேட்டாலும் தருகிறேன். சர்க்கார் திருப்பிக் கேட்கிற பணத்தை நான் கட்டுகிறேன். தோப்புக்கு நல்ல விலை தருகிறேன். இவோனுக்குக் காலம் முழுவதும் அந்த வீட்டில் இருக்கச் சாவி தருகிறேன். நீங்கள் வந்தாலும் இருக்கலாம். பத்திரம் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படி எழுதி முடித்து உறையில் போடப் போனேன். நோன்பு திறந்த பிறகு ஆரிபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சும்மா ஆறுதலுக்குத்தான் சொன்னேன். பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்தக் கஞ்சி எந்தத் தண்ணியில காய்ச்சுனது?"

"பள்ளிவாசல் குளத்துல."

"அடுத்த வருஷம்?"

நான் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"உங்க வாய் பன்னெண்டுன்னு சொன்னதுக்கு ஒரு பொம்பளை வெளிநாட்டுல நிக்க இடமில்லாம நிக்கிறா. நீங்க அவகிட்ட சாவி தாரேன், சோறு தாரேன்னு எழுதுறீங்க. இரவல் வூட்டுல எவ சாவா?"

"கொல்லை உன்னுதுடி."

"என்னுதுன்னு தெரியுதுல்ல? அப்ப எங்கிட்ட கேளுங்க."

கேட்டேன், அக்கா. முப்பது வருஷத்தில் அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மேலே எழுதியது என் வார்த்தை. அவள் வார்த்தை இன்னும் வரவில்லை. என் வார்த்தையையும் அவள் கேட்டதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

எஞ்சின் வந்து பள்ளிவாசல் வாசலில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது.

பிச்சை

*

தூலோன்
30-7-1980

பிச்சைக்கு,

ஆரிபாவின் கடிதம் தனியாக வந்தது. யாரையோ எழுதித் தரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சம்மதம் என்கிறாள். அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயத்தை நான் உன்னிடம் சொல்லப்போவதில்லை, பத்திரம் எழுதும்போது தெரிந்துகொள்வாய்.

ஆனால் உன்னிடம் எனக்கு ஒரு கேள்வி. ஜெகபர் சாதிக் என்பவர் யார்? நாகப்பட்டினத்து இறால் வியாபாரியாமே. அவரைக் கூட்டிக்கொண்டு என் தோப்புக்குப் போய்க் குளத்தைச் சுற்றிக் காட்டினாயாம். அவர் தண்ணீரைக் கையில் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம். துணி மூட்டையை எடுக்க வந்த இவோன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். மனிதன் குடிக்காத தண்ணீரில் இறால் நன்றாக வளரும் என்று எனக்கும் தெரியும். நானும் கடற்கரையில் பிறந்தவள்தான்.

அழுகிற கடிதமும் எழுதுகிறாய், கணக்கும் போடுகிறாய். எந்தக் கை எதைச் செய்கிறது?

ஆகவே இறாலில் பாதி எனக்கு.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, கோன்சுலாவில் முத்திரையும் வாங்கிவிட்டேன். குளம் உப்பு, வேலை தோல்வி என்று நீ சொன்னபடியே இருக்கிறது. அதை உனக்கு அனுப்பவில்லை. பத்திரம் எழுதுகிற காரைக்கால் நொத்தேரிடம் அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பதிலாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இவோனுக்கு அதிகாரமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆரிபா கையெழுத்துப் போட்டதும் அவர் அறிக்கையை உங்கள் கையில் கொடுப்பார். முன்னால் கொடுக்கமாட்டார். உன்னை நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை. உன்னை நன்றாகத் தெரியும் என்று அர்த்தம்.

அனெத்

*

திருமலைராயன்பட்டினம்
23-8-1980

அன்புள்ள அக்கா,

பள்ளிவாசல் குளம் தப்பியது.

நொத்தேர் ஊரில் இல்லாமல் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்தார். அதற்குள் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. தண்ணீர் இறைத்து, சேறு எடுத்து, களியில் மண்வெட்டி வைத்துவிட்டார்கள். நான் போய் வைத்தியலிங்கத்திடம், "மெதுவா வெட்டுங்க" என்று கெஞ்சினேன். "அளவு கொறஞ்சா நீலமேகம் சார் பணம் புடிப்பாருங்க" என்றார். முன்னெல்லாம் குறைத்து வெட்டாதீர்கள் என்று அவரிடம் சண்டை போட்டவன் நான்.

ஆரிபாவும் இவோனும் நொத்தேர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். அறிக்கையை வாங்கி, வாடகைக் காரில் ஆபீசுக்குப் போனேன். நீலமேகம் படித்தார். இரண்டு தடவை படித்தார். மேலே கேட்டு உத்தரவு வாங்கி வர நேரம் ஆகும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு என் காரிலேயே ஏறினார். குளத்தில் இறங்கி அளந்தார். ஏழரை அடி. காலை அழுத்திப் பார்த்தார். களி. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பீர் மைதீன் காக்கா கரையில் நின்று கத்தினார். நீலமேகம் அவரிடம் உங்கள் அறிக்கையை நீட்டினார். வெளிநாட்டு முத்திரையைப் பார்த்ததும் காக்கா சும்மா ஆகிவிட்டார். என் பாட்டிலை நம்பாதவர், அந்த முத்திரையை நம்பினார். மூன்று நாள் மழைத் தண்ணீர் நின்றிருக்கிறது. நேற்றுக் குடித்துப் பார்த்தேன். சேற்று வாடை இருக்கிறது, உப்பு இல்லை.

சர்க்காரிடமிருந்து பணம் திருப்பிக் கேட்டு நோட்டீசும் வந்துவிட்டது. கேட்பதில் தாமதமே இல்லை. ஆறு தவணை கிடைக்க வேண்டும் என்று பன்னிரண்டு தவணை கேட்டு எழுதினேன். இந்தத் தடவை ஆறுதான் கொடுத்தார்கள்.

ஜெகபர் சாதிக்கைக் கூட்டிப் போனது நிஜம். நஷ்டத்தை நஷ்டமாகவே விட்டுவைக்க எனக்குத் தெரியாது. அழுததும் நிஜம். எந்தக் கை எது என்று எனக்கும் தெரியவில்லை.

ஆரிபா உங்களிடம் கேட்டதை நொத்தேர் படித்தபோதுதான் கேட்டேன். கொல்லை அவளுடையது, அதற்கு மாற்றாக வருகிற தோப்பும் அவள் பெயரில்தான் வர வேண்டும் என்பது சட்டம். அதோடு விடவில்லை நீங்கள் இருவரும், அவள் கேட்டது கீழே கடைசி வரியில் இருக்கிறது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். இவோன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

பின்னால் பேச்சு வரக்கூடாது என்பதற்காக, ஒத்துக்கொண்டதை எழுதிவைக்கிறேன்:

கோட்டுச்சேரிக் கொல்லை, கிணறு, ஓட்டு வீடு, மாமரம் உட்பட உங்களுக்கு. தென்னந்தோப்பு மூன்று மா, உப்புக் குளம், உப்புக் கிணறு ஆரிபாவுக்கு. சர்க்கார் பணம் ஆறு தவணையும் என் கையிலிருந்து. பத்திரச் செலவு பாதிக்குப் பாதி. இறாலில் நீங்கள் பாதி கேட்டீர்கள், நான் கால் சொன்னேன், மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, உங்கள் காலமும் இவோன் காலமும் முடியும் வரை. குளத்தை நான் வைத்திருப்பது குத்தகைக்கு, வருஷம் எழுநூறு ரூபாய், ஆரிபாவிடம் முன்பணமாக. தோப்பில் மண்வெட்டி வைப்பதானால் ஆரிபாவும் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், என் கையெழுத்து செல்லாது.

முகைதீன் பிச்சை